ஓஸ்வால்ட் சார் வைத்த கல்

விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்று சொல்லி வைத்தார்கள். அப்படிச் சொன்ன புண்ணியவானுக்கு நம்ம ஊர்ப் பல்கலைக்கழகங்களைத் தெரியாது. அங்கே ஒரு மனுஷனை 'கெஸ்ட் லெக்சரர்' என்று கூப்பிட்டு, பதினாலு வருஷம் விருந்தாளியாகவே உட்கார வைக்க முடியும். உட்கார வைக்க என்று சொல்வதும் பொய்தான். ஓஸ்வால்ட் சாருக்கு டிபார்ட்மென்டில் நாற்காலி கிடையாது. யார் லீவோ அவர் நாற்காலியில் உட்காருவார். எல்லோரும் வந்துவிட்ட நாளில், வேலை இருப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு லைப்ரரிக்குப் போய்விடுவார்.

பிறந்தது ஜோகுபாளையம், கன்னட நாட்டுத் தலைநகரில் தமிழ்க் குடித்தனங்கள் நிறைந்த பேட்டை. இப்போது பிரேசர் டவுனில் ஒரு சந்துக்குள் மாடி வீடு. அவரும் மனைவி லீனாவும்தான். லீனா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. மிஸ். பிள்ளைகள் இல்லை. மாதா கோயிலில் யாராவது விசாரித்தால், "எனக்கு வருஷா வருஷம் நாப்பது பிள்ளைங்க பொறக்குதே" என்று ஓஸ்வால்ட் சிரிப்பார். லீனா சிரிக்கமாட்டாள்.

அவர் எடுக்கிற பாடம் உலகமயமாதலும் சர்வதேச விவகாரங்களும். ஜோகுபாளையத்துப் பையனுக்கு எதற்கு இந்தப் பாடம் என்று கேட்டால், அதற்கு அவர் அப்பா யூஜினைப் பற்றிச் சொல்ல வேண்டும். யூஜின் ஒரு சின்ன மோட்டார் ஃபேக்டரியில் வைண்டிங் வேலை பார்த்தார். மெல்லிசு செம்புக் கம்பியை விரலில் ஓட்டிச் சுற்றுவதில் கெட்டிக்காரர். கண்ணை மூடிக்கொண்டுகூடச் சுற்றுவார். வெளிநாட்டுச் சரக்கு பாதி விலைக்கு வந்து இறங்கியதும், முதலாளி ஒரு சனிக்கிழமை ஷட்டரை இறக்கினார். இறக்கினதுதான், மறுபடி ஏற்றவில்லை. அன்றைக்கு யூஜின் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் கேட்டார்: "எங்கியோ கடலுக்கு அந்தாண்ட நாலு பேரு உக்காந்து கையெழுத்துப் போட்டாங்களாம். அதுல என் வேலை போச்சாம். அந்த மேஜையில எனக்கு யாருடா நாற்காலி போட்டா?"

அப்போது ஓஸ்வால்ட் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் எம்.ஏ. படித்தார், டியூஷன் எடுத்துக்கொண்டே ஆராய்ச்சிப் பட்டமும் வாங்கினார். வாங்கிக்கொண்டு வந்து காட்ட அப்பா இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டார்.

அப்புறம் இந்தப் பல்கலைக்கழகம். ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். மணிக்கணக்குக்குச் சம்பளம், மே மாதம் பட்டினி. ஒவ்வொரு ஜூனிலும் டிபார்ட்மென்ட் தலைவர் கிருஷ்ணப்பா போன் செய்வார். "ஓஸ்வால்ட், ஈ வர்ஷானூ பர்த்தீரல்வா?" இந்த வருஷமும் வருவீங்க இல்லையா என்று ஏதோ கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி கேட்பார். போன் வருகிறவரைக்கும் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடமாட்டார்கள். ராமருக்கே பதினாலு வருஷத்தில் வனவாசம் முடிந்துவிட்டது, இவருக்கு என்ன கேடு என்று கீழ்வீட்டு லட்சுமம்மா வெளிப்படையாகவே அங்கலாய்ப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் அத்தி பூத்த மாதிரி விளம்பரம் வந்தது. உலகமயமாதல், சர்வதேச விவகாரங்கள், ஒரே ஒரு உதவிப் பேராசிரியர், நிரந்தரப் பணி.

கேட்க இனிப்பாக இருக்கிறது, இல்லையா? இன்னொரு பக்கத்தையும் கேளுங்கள். நிரந்தரமாக ஒருவர் வந்துவிட்டால் கெஸ்ட் எதற்கு? ஓஸ்வால்ட் எடுக்கிற வகுப்புகள் எல்லாம் வருகிறவருக்குப் போய்விடும். கிடைத்தால் நாற்காலி, கிடைக்காவிட்டால் இருக்கிற கதவும் சாத்தப்படும். அவருக்கு நாற்பத்தெட்டு நடக்கிறது. இந்த மாதிரிப் போஸ்ட் இன்னொன்று வரும்போது அவர் வேலைக்கு மனுப்போடும் வயதில் இருக்கமாட்டார். அது அவருக்கும் தெரியும், லீனாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. லீனா மட்டும் ஒரு காரியம் செய்தாள். கோயில் ஆபீசுக்குப் போய், மே மாதம் முதல் ஞாயிறு காலைப் பூசையைத் தன் பேரில் எழுதி வைத்தாள். என்ன கருத்துக்கு என்று ஆபீஸில் கேட்டார்கள். "நன்றிப் பூசை. அவருக்கு வேலை கெடச்சதுக்கு" என்றாள். "கெடச்சிடுச்சா?" என்றார்கள். "கெடச்சிடும். நான் முன்னாடியே நன்றி சொல்லிடறேன், அப்புறம் அவர் எப்படிக் குடுக்காம போறாருன்னு பாக்கறேன்" என்றாள். ஆண்டவரிடமே இப்படி மல்லுக்கு நிற்கிறவள் லீனா.

இப்போது கல் விஷயத்துக்கு வருகிறேன். அது இல்லாமல் இந்தக் கதை இல்லை.

ஓஸ்வால்ட் சார் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பொய் சொல்வார். வேண்டுமென்றேதான். பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போது, நடுவில், முகம் மாறாமல், உண்மை மாதிரியே ஒரு பொய்யை வைப்பார். பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். "அரிசியில கல்லு கெடக்கும்னு தெரிஞ்சாத்தான் பொறுக்கிச் சமைப்பீங்க. பெரிய மனுஷன் சொல்றான்னு அப்படியே முழுங்கினீங்கன்னா பல்லு போயிடும்" என்று முதல் நாளே சொல்லிவிடுவார். அதிலிருந்து அதற்குக் 'கல்லு' என்றே பேர் ஆகிவிட்டது. அவர் பொய் சொன்ன அடுத்த நொடி நாலு மூலையிலிருந்தும் கை தூக்கி "சார், கல்லு! கல்லு!" என்று கத்துவார்கள். கன்னடப் பிள்ளைகள், மலையாளப் பிள்ளைகள், வடக்கே இருந்து வந்தவர்கள் எல்லோருக்கும் அந்த ஒரு தமிழ் வார்த்தை தெரியும். பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஓஸ்வால்டுக்கோ அந்தச் சத்தம்தான் சாப்பாடு.

அந்தச் சத்தத்தில் முதல் குரல் எப்போதும் நரேஷுடையது. ஸ்ரீராம்புரத்துப் பையன், எம்.ஏ. முதல் வருஷம், சண்டைச் சேவல். ஓஸ்வால்ட் வாயைத் திறந்தால் மறுத்துப் பேசாமல் அவனுக்குத் தூக்கம் வராது. அடுத்தது ரக்ஷிதா. கன்னடக்காரப் பெண், வகுப்புக்குத் தலைவி. நீங்கள் தமிழில் கேட்டால் கன்னடத்தில் பதில் சொல்வாள். யூஜின் கேட்ட கேள்வியையும் ஓஸ்வால்ட் இவர்களுக்குக் கொடுத்திருந்தார். எந்த ஒப்பந்தத்தைப் படித்தாலும் கடைசியில் ஒரு கேள்வி: அந்த மேஜையில் யாருக்கு நாற்காலி போடவில்லை? அப்பா கேட்டது என்று மட்டும் சொல்லவில்லை.

தேர்வு முறை என்னவென்றால், மனுப்போட்டவர்கள் ஒரு டெமோ வகுப்பு எடுக்க வேண்டும். நிஜ மாணவர்கள் முன்னால் உட்காருவார்கள், டெல்லியிலிருந்து வரும் நிபுணர்களும் சேர்ந்த தேர்வுக் குழு கடைசி பெஞ்சில். பாடம் எப்படி எடுக்கிறார், பிள்ளைகள் எப்படிக் கேள்வி கேட்கிறார்கள், அதை இவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்த்து மார்க் போடுவார்கள். அதற்குப் பிறகு அறைக்குள் இன்டர்வியூ.

கிருஷ்ணப்பா நல்ல மனுஷன். பதினாலு வருஷம் நாற்காலி போடாதவர் எப்படி நல்லவர் என்று கேட்காதீர்கள், அவர் கையில் அது இல்லை. கையில் இருந்ததை அவர் செய்தார். ஓஸ்வால்டைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தி, "நிம்ம ஹுடுகரன்னே கூரிஸ்தீனி" என்றார். உங்க பசங்களையே உட்கார வைக்கிறேன், உங்களுக்குத் தோதாக இருக்கும் என்று அர்த்தம். ஓஸ்வால்டுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பிள்ளைகள் முன்னால் பாடம் எடுக்கச் சொன்னால் அது பரீட்சையா? மீனைத் தண்ணீரில் விட்டு நீந்து என்பது மாதிரிதானே?

டெமோவுக்கு முந்தின நாள் நரேஷ் காரிடாரில் மறித்தான். "சார், நாளைக்கு நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. நாங்க பாத்துக்கறோம்."

"நீ என்னடா பாத்துக்கப்போற? எப்பவும் போல இரு, அது போதும்."

"அதெல்லாம் ரெடி சார்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

அன்று சாயங்காலம் லீனா அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள். "ஏங்க, நாளைக்கு ஒரு நாள் அந்தக் கல்லு கில்லு எல்லாம் வேணாம். தெரிஞ்சத அழகா சொல்லிட்டு வந்துடுங்க. பெரியவங்க உக்காந்திருப்பாங்க."

"அதுதான் லீனா என் கிளாஸ். அந்தப் பிள்ளைங்க 'கல்லு'ன்னு எழுந்து நிக்கிறத ஒரு தடவை பாத்தா போதும், வேற எதையும் நான் காட்ட வேணாம்."

கட்டின பெண்டாட்டி சொன்னதைக் கேட்டிருந்தால் பாதி உலகம் பிழைத்திருக்கும். எவன் கேட்கிறான்?

கூப்பிட்டிருந்தது மூன்று பேரை. ஒருவர் வரவில்லை. மிச்சம் இரண்டு. ஒருவர் ஓஸ்வால்ட், இன்னொருவர் நீல். வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்துவிட்டு ஊர் திரும்பியவர், முப்பத்திரண்டு வயது இருக்கும். திமிர் பிடித்த ஆள் என்று சொன்னால் எனக்கும் கதை சொல்ல வசதியாக இருக்கும், ஆனால் அப்படி இல்லை. காரிடாரில் ஓஸ்வால்டைப் பார்த்ததும் எழுந்து நின்று, "சார், நீங்க உக்காருங்க" என்று தன் நாற்காலியைக் காட்டினார். ஓஸ்வால்டுக்கு அது ஒரு மாதிரி இருந்தது. அந்தக் கட்டடத்தில் அவருக்கு நாற்காலி கொடுத்த முதல் ஆள் போட்டிக்கு வந்தவர்.

முதலில் நீல் போனார். கதவு பாதி திறந்திருந்தது. வகுப்பு இங்கிலீஷில்தான், நான் தமிழில் சொல்கிறேன். நீல் பதினைந்து நிமிஷம் வெகு நேர்த்தியாகப் பேசினார். பேசி முடித்ததும் ஆரம்பித்தது பாருங்கள்! நரேஷ் எழுந்தான். "நீங்க சொன்ன வர்த்தக ஒப்பந்தம் எல்லாம் சரி. அந்த மேஜையில யாருக்கு நாற்காலி போடலை?" நீல் பதில் சொல்ல, ரக்ஷிதா எழுந்தாள். அவள் உட்காருவதற்குள் இன்னொருத்தி. கேள்விக்கு மேல் கேள்வி, விடவே இல்லை. நீல் திணறினார், யோசித்தார், பலகையில் வரைந்து காட்டினார். ஒரு கேள்விக்கு, "இது எனக்குத் தெரியலை. ஆனா இத்தனை வருஷத்துல என்னை யாரும் இதைக் கேட்டதில்லை. நான் போய்த் தேடணும்" என்றார். கடைசி பெஞ்சில் யாரோ ஆஹா என்றது வெளியே கேட்டது.

காரிடாரில் நின்ற ஓஸ்வால்டுக்கு உடம்பு சிலிர்த்தது. என் பிள்ளைங்கடா, என் பிள்ளைங்க! தானும் ஒரு போட்டியாளர் என்பதே அந்த நேரத்தில் அவருக்கு மறந்துபோயிற்று. அப்பா யூஜினின் கேள்வி ஒரு ஸ்ரீராம்புரத்துப் பையன் வாயிலிருந்து, டெல்லியிலிருந்து வந்த நிபுணர்களின் காதில் விழுகிறது. அவருக்கு வேறென்ன வேண்டும்?

பிறகு அவர் முறை.

உள்ளே போனதும் ஏதோ சரியில்லை என்று பட்டது. நாற்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நரேஷ் தலையைப் படிய வாரி இருந்தான். ஓஸ்வால்ட் பாடத்தை ஆரம்பித்தார். எப்போதும் இடையில் ஒரு முணுமுணுப்பு, ஒரு சிரிப்பு, ஒரு குறுக்குக் கேள்வி இருக்கும். இன்று பேனா ஓடுகிற சத்தம் மட்டும்தான். சரி, பெரியவர்கள் இருப்பதால் கொஞ்சம் கூச்சம், கல்லை வைத்தால் தெளிந்துவிடுவார்கள் என்று நினைத்தார். வைத்தார்.

"தொண்ணூத்தி ஒண்ணுக்கு முன்னாடி இந்தியா வெளிநாட்டோட வியாபாரமே செஞ்சதில்லை" என்றார்.

மூணாங்கிளாஸ் பிள்ளைக்குக்கூடத் தெரியும் அது பொய் என்று. மிளகுக்கு வந்து நின்ற கப்பல்களைப் படிக்காத பிள்ளை உண்டா? ஓஸ்வால்ட் சாக்பீஸைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். 'கல்லு!' என்ற அந்தச் சத்தத்துக்கு.

நாற்பது பேனாவும் குனிந்து அதை எழுதிக்கொண்டன.

கடைசி பெஞ்சில், டெல்லியிலிருந்து வந்திருந்த பேராசிரியை மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். கிருஷ்ணப்பா நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்காவது மறுப்பு இருக்கா?" என்றார் ஓஸ்வால்ட். "நரேஷ், நீ சொல்லு. நான் சொன்னது சரியா?"

நரேஷ் எழுந்து நின்றான். "நூத்துக்கு நூறு சரி சார்" என்றான். பல்லைக் காட்டாமல் சிரித்தான். ரக்ஷிதா மேஜைக்கு அடியில், அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அடப் பாவிகளா! வெளி ஆளைக் கேள்வி கேட்டே விரட்டுவது, நம்ம சாரை ஒரு கேள்வியும் கேட்காமல் காப்பாற்றுவது. கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். சார் பதட்டத்தில் உளறிவிட்டார், காட்டிக் கொடுக்கக் கூடாது என்று அந்தப் பொய்யையும் சேர்த்து விழுங்கிவிட்டார்கள். தன்னுடைய இன்டர்வியூவில் ஒருத்தன் தானே கல் வைப்பான் என்று எந்தப் பிள்ளை நினைக்கும்? பிள்ளையார் பிடிக்கப் போனது குரங்காக வந்து நின்றது.

ஓஸ்வால்ட், "நான் சொன்னதைத் திருத்திக்கறேன். வியாபாரம் இருந்தது, ரொம்ப காலமா இருந்தது" என்றார். அதையும் நாற்பது பேனாக்கள் பணிவாக எழுதிக்கொண்டன.

இன்டர்வியூவில் டெல்லிப் பேராசிரியை மரியாதையாகத்தான் கேட்டார். "டாக்டர் ஓஸ்வால்ட், அந்தத் தவறு எப்படி வந்தது?"

"அது என்னோட வழக்கம் மேடம். ஒரு தப்பை வேணும்னே சொல்வேன். அவங்க பிடிக்கணும்."

"ஆனா ஒருத்தர்கூடப் பிடிக்கலையே. எழுதிக்கிட்டாங்க. இதே வகுப்புதான் காலையில வந்தவரைத் துளைச்சு எடுத்தது. அவர் முன்னாடி வாய் திறக்கிற பிள்ளைங்க, உங்க முன்னாடி ஏன் வாய் மூடி உக்காந்திருக்காங்க? அவங்க உங்களுக்குப் பயப்படறாங்களா?"

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். 'அவங்க என்னைக் காப்பாத்தறதா நினைச்சுக்கிட்டாங்க மேடம்.' கிருஷ்ணப்பாவும் 'ஏதாவது சொல்லுய்யா' என்பது மாதிரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? தேர்வுக் குழு முன்னால் மாணவர்கள் கூடிப் பேசி நாடகம் ஆடினார்கள் என்று ஆகும். யார் தலைமை என்று விசாரிப்பார்கள். நரேஷும் ரக்ஷிதாவும் கமிட்டி முன்னால் போய் நிற்க வேண்டும். ஸ்ரீராம்புரத்தில் அந்த வீட்டில் எம்.ஏ. வாசலை மிதித்த முதல் பிள்ளை அவன். யாரோ எங்கேயோ கையெழுத்துப் போட்டு அவன் படிப்பு போக வேண்டுமா?

"தப்பு என்னோடதுதான் மேடம்" என்றார் ஓஸ்வால்ட். "இன்னிக்கு நான் சரியா எடுக்கலை."

பேராசிரியை தலையாட்டினார். அவ்வளவுதான். எழுந்து வெளியே வந்தபோது காரிடாரில் நீல் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "சார், என்ன பிள்ளைங்க சார் இவங்க! யாரு இவங்களுக்கு இப்படிக் கேள்வி கேக்கக் கத்துக்குடுத்தது?" என்று கேட்டார். ஓஸ்வால்ட், "எல்லாருமாத்தான்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

வீட்டுக்கு வந்து லீனாவிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

வாரக் கடைசியில் கிருஷ்ணப்பா போன் செய்தார். "ஸாரி ஓஸ்வால்ட்" என்றார். ஜூனிலிருந்து நீல் சேருவார், கெஸ்ட் வகுப்புகள் இனி கிடையாது, வரத் தேவையில்லை என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். அழுதுவிடுவார் போலிருந்தது. ஓஸ்வால்ட்தான் அவருக்குச் சமாதானம் சொல்லி வைக்க வேண்டியதாயிற்று. லீனா முக்காட்டைப் போட்டுக்கொண்டு கோயில் ஆபீசுக்குப் போனாள். நன்றிப் பூசை என்று எழுதியதை அடிக்கச் சொல்லிவிட்டு, 'குடும்ப நலனுக்காக' என்று மாற்றி எழுதச் சொன்னாள். எழுதினவர் ஏன் என்று கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நரேஷும் ரக்ஷிதாவும் வீட்டுக்கு வந்தார்கள். பக்கத்து மசூதி ரோடில் வாங்கின பிரியாணிப் பொட்டலம் ஒன்று நரேஷ் கையில். மாடிப்படி ஏறும்போதே அவன் குரல் கேட்டது, யாரையோ அசிங்கமாகத் திட்டிக்கொண்டு வந்தான்.

"எல்லாம் ரெக்கமண்டேஷன் சார்! ஃபாரின் டிகிரி காட்டினா வாயப் பொளந்துடுவானுங்க. முன்னாடியே முடிவு பண்ணி வெச்சிருப்பானுங்க, சும்மா கண்துடைப்புக்கு நம்மள உக்கார வெச்சானுங்க."

"உக்காருப்பா. லீனா, டீ போடறியா?"

நரேஷ் உட்காரவில்லை. "நாங்க எங்க பங்குக்கு எல்லாம் பண்ணோம் சார். ரெண்டு நாள் கேன்டீன்ல உக்காந்து பிளான் பண்ணோம். அந்த ஆளு வந்தா நாறடிக்கணும், நம்ம சாரை ஒரு கேள்வி கேக்கக் கூடாது. ஒருத்தனும் மீறலை சார். அந்த வட இந்தியப் பசங்ககூட வாயத் தொறக்கலை."

"நாவு ஏனூ கேள்லில்லா சார்" என்றாள் ரக்ஷிதா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஒண்ணுமே கேட்கலை சார்.

"அதுவும் சார்" என்று நரேஷ் குரலைத் தாழ்த்தினான், "நீங்க டென்ஷன்ல ஒண்ணு தப்பா சொல்லிட்டீங்களே, தொண்ணூத்தி ஒண்ணு... எனக்கு நெஞ்சு நின்னுடுச்சு. மத்த நாளா இருந்தா கல்லுன்னு கத்தியிருப்பேன். ஆனா யாரும் காட்டிக் குடுக்கலை சார். நீங்களே கேட்டப்பகூட நான் சமாளிச்சேன் பாத்தீங்களா?"

அடுப்படி வாசலில் லீனா டீத் தட்டோடு நின்றிருந்தாள். அவள் வாய் திறப்பது ஓஸ்வால்டுக்குத் தெரிந்தது. அவளைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். லீனா தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"பாத்தேன்ப்பா" என்றார் ஓஸ்வால்ட். "ரொம்ப நல்லா சமாளிச்சே. எல்லாருமே நல்லா பண்ணீங்க. நான் மறக்கமாட்டேன்."

நரேஷின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அந்தப் புது ஆளை விடமாட்டோம் சார். தினம் கேள்வி கேட்டே கொல்லுவோம்."

"கேளுங்க" என்றார் ஓஸ்வால்ட். "விடாம கேளுங்க. அவர் நல்ல மனுஷன். யாருக்கு நாற்காலி போடலைன்னு தினம் கேளுங்க."

டீ குடித்துவிட்டு இருவரும் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுக் கிளம்பினார்கள். செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனதும் லீனா வெளியே வந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? இவங்களுக்காவது தெரிய வேணாமா? ஊரே அந்தக் கமிட்டிக்காரங்களைத் திட்டுது, நீங்க பேசாம இருக்கீங்க."

"என்னன்னு சொல்றது லீனா? உங்க பாசத்துனாலதான் என் பொழப்பு போச்சுன்னு சொல்லவா? அந்தப் பையன் அதை எத்தனை வருஷம் சுமப்பான்? இனிமே ஒருத்தர் மேல ஆசை வெக்கவே பயப்படுவான்."

"அப்ப நாம சுமக்கலாமா?"

சின்ன வயதில் அப்பா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டபோது பதில் இல்லாமல் நின்ற மாதிரியே நின்றார். அவ்வளவு படித்தும் அங்கேயேதான் நிற்கிறார்.

கீழே தெருவிலிருந்து நரேஷ் கூப்பிட்டான். "சார்! ஓஸ்வால்ட் சார்!"

ஓஸ்வால்ட் பால்கனிக் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தார். நரேஷ் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தான். ரக்ஷிதா பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அடுத்த இன்டர்வியூ எந்தக் காலேஜா இருந்தாலும் சொல்லுங்க சார்! மொத்த கிளாஸும் வந்து உக்காரும். இதே மாதிரி ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டோம்!"

ரக்ஷிதா கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். இந்தத் தடவை மேஜைக்கு அடியில் இல்லை, தெரு பார்க்க, தலைக்கு மேலே உயர்த்தி. ஓஸ்வால்டும் பதிலுக்குக் கட்டை விரலைத் தூக்கினார். வண்டி சந்து திரும்புகிறவரைக்கும் அந்தக் கையை அவர் இறக்கவில்லை. கண்ணீர் தாடை வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. நல்லவேளை, மாடி உயரத்துக்கு அது கீழே நின்ற பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.